உதடு அசையக் கூடாது

“உங்க உதட்டைப் பாருங்க டீச்சர்” என்றார் ஆய்வுக்கு வழிகாட்டும் கைடு.

பெரிய டீச்சர் பார்த்தாள். கைடு சாரின் மடிக்கணினியில் அவளுடைய வகுப்பறை ஓடிக்கொண்டிருந்தது. சின்ன மேசை. அந்தப் பக்கம் இரண்டாம் வகுப்புப் பொடிசு ஒன்று, இந்தப் பக்கம் அவள். பையன் வாசித்துக்கொண்டே வந்து ஒரு சொல்லில் தடுக்கி நிற்கிறான். அந்த நொடியே அவள் உதடு குவிகிறது, சத்தமே இல்லாமல் ‘பூ’ என்கிறது. பையன் நிமிர்ந்து அவளைப் பார்த்துவிட்டு ‘பூட்டு’ என்கிறான். அவள் நோட்டில் சரி என்று குறித்துக்கொள்கிறாள்.

“இன்னொன்னு போடுறேன்.”

இன்னொன்று. இந்த முறை நாக்கு நுனி பல்லைத் தொடுகிறது, குழந்தை ‘தண்ணீர்’ என்கிறது. அதற்கும் சரி.

“நாப்பது பிள்ளைங்க, நாப்பது வீடியோ. எல்லாத்துலயும் இதே கதைதான். சோதனை பண்றவங்க சாடை காட்டக் கூடாது. பிள்ளை நின்னா மூணு விநாடி பொறுக்கணும், தப்புன்னு குறிச்சிட்டு அடுத்த சொல்லுக்குப் போகணும். ஆய்வேட்டுல மூணாவது அத்தியாயத்துல நீங்களே எழுதியிருக்கீங்க.”

எழுதித்தான் இருந்தாள். அடிக்கோடு வேறு போட்டிருந்தாள்.

“நான் வேணும்னு பண்ணல சார்.”

“தெரியும் டீச்சர். வேணும்னு பண்ணினா இவ்வளவு சுத்தமா வராது.” கைடு அப்படியொன்றும் கெட்ட மனிதர் இல்லை. அவளைவிடப் பதினைந்து வயது சின்னவர், அவளுக்கு நாற்காலி இழுத்துப் போட்டுத்தான் பேசுவார். ஆனால் இப்போது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. “இந்த நம்பரை வெச்சு நான் கையெழுத்துப் போட முடியாது. சோதனையை மறுபடி பண்ணணும். இன்னைக்குப் புதன். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு ஆபீஸ் மூடிடுவாங்க.”

அந்த நாலு மணி என்னவென்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்தப் பெண் ஏன் இப்படிப் பதறுகிறாள் என்று தோன்றும். தொடக்கப் பள்ளியில் அவளுக்கு இருபத்தாறு வருட சர்வீஸ். மூன்று முறை தலைமையாசிரியர் பதவி மூக்குவரை வந்துவிட்டு வேறு ஆளுக்குப் போனது. மூன்று முறையும் ஒரே காரணம்: அவர்களிடம் எம்.எட். இருந்தது, அவளிடம் இல்லை. சரி, அதையும் ஒரு கை பார்த்துவிடுவோம் என்று நாற்பத்தெட்டாவது வயதில் சேர்ந்தாள். பள்ளி முடிந்து ஓட்டமாக ஓடி, பிள்ளை வயதுப் பையன்களோடு பின் பெஞ்சில் உட்கார்ந்து, இரண்டு வருடம் நாக்குத் தள்ளப் படித்தாள். பாக்கி இருந்தது ஆய்வேடு மட்டும். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் ஒப்படைத்தால் இந்த வருடப் பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் வரும். விட்டால் அடுத்த வருடம். அடுத்த வருடம் அவளுக்கு ஐம்பது தாண்டிவிடும். ஐம்பது தாண்டியவருக்குத் தலைமைப் பதவி இல்லை என்பது விதி. அந்த விதியை எழுதின மகாராசன் எங்கே இருக்கிறானோ, அவனை அவள் வையாத நாளில்லை.

‘பெரிய டீச்சர்’ என்று பள்ளியே கூப்பிடுகிறது. பெயர்தான் பெரிசு. இப்போதைய தலைமையாசிரியை பதினாலு வருடத்துக்கு முன்னால் இவளிடம் பயிற்சிக்கு வந்த பெண். சாக்பீஸை எப்படிப் பிடித்தால் கிறீச்சிடாது என்று சொல்லிக்கொடுத்ததே இவள்தான். இன்று அந்தப் பெண்ணின் மேசைக்கு முன்னால் நின்று வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். பெரிய டீச்சர் அவளை ‘மேடம்’ என்று ஒரு நாளும் சொன்னதில்லை. பெயரும் சொல்வதில்லை. கூப்பிடாமலே பேசிவிடும் வித்தையைப் பதினோரு மாதமாகப் பழகி வைத்திருந்தாள்.

வியாழன் காலையில் அந்த மேசைக்கு முன்னால்தான் போய் நின்றாள்.

“வாசிப்புச் சோதனை இன்னொரு தடவை எடுக்கணும். ரெண்டு நாள்.”

“என்னக்கா, போன வாரம்தானே எடுத்தீங்க? நாளைக்கு மத்தியானத்தோட லீவு விடுறோம். ரிப்போர்ட் கார்டு எழுதணும், பிள்ளைங்க வேற குதிக்குதுங்க.”

“எனக்கு வேற வழியில்ல.”

குரல் உடைந்துவிட்டது. தலைமையாசிரியை நிமிர்ந்து பார்த்துவிட்டு, சட்டென்று பேனாவை மூடினாள். “பழைய நூலக ரூமை எடுத்துக்கங்கக்கா. உங்க வகுப்பை நான் பாத்துக்கிறேன்.” நல்ல மனசுதான். அந்த நல்ல மனசுதான் பெரிய டீச்சருக்கு இன்னும் எரிந்தது.

உதட்டை என்ன செய்வது? புதன்கிழமை சாயங்காலமே கண்ணாடி முன்னால் உட்கார்ந்து பழகிப் பார்த்தாள். கணவரை ஒரு பக்கம் வாசிக்கச் சொன்னாள். அவர் வேண்டுமென்றே தடுக்கித் தடுக்கி வாசித்தார். இவள் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள், நாடியை அழுத்திப் பிடித்துப் பார்த்தாள். ஊஹூம். இருபத்தாறு வருடம் பழகின உதடு, அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. “மாஸ்க் போட்டுக்கோயேன்” என்றார் அவர் கடைசியில். மருந்துக் கடையில் ஒரு பெட்டி வாங்கினாள்.

அவளுடைய ஆய்வு இதுதான்: ‘எதிரே அமர்ந்து வாசித்தல்’. ஏ பிரிவில் இருபது பிள்ளைகள், அவளுடைய வகுப்பு. ஒவ்வொருவரையும் தினம் ஐந்து நிமிடம் எதிரே உட்கார வைத்து, முகம் பார்த்து, வாசிக்க விட்டாள். பன்னிரண்டு வாரம். பி பிரிவில் இருபது பிள்ளைகள், வாட்ச் சாருடைய வகுப்பு. பேச்சு நடுவில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார் என்பதால் அந்தப் பெயர். அவர் கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுதிப் போடுவார், பிள்ளைகள் எழுத்துக்கூட்டிக் கத்தும், அவ்வளவுதான் பாடம். போன வாரச் சோதனையில் அறுபது சொல்லுக்கு ஏ பிரிவின் சராசரி ஐம்பத்து நாலு. பி பிரிவு முப்பத்தாறு. அந்த ஐம்பத்து நாலைப் பார்த்த அன்றைக்கு அவளுக்கு உச்சி குளிர்ந்துபோய், வீட்டுக்கு வரும் வழியெல்லாம் தனக்குத் தானே சிரித்துக்கொண்டு வந்தாள்.

நூலக அறையில் முதலில் குட்டி வக்கீலைக் கூப்பிட்டாள். வகுப்பிலேயே கெட்டிக்காரி. எதற்கெடுத்தாலும் ‘அப்ப நேத்து மட்டும் ஏன் அப்படிச் சொன்னீங்க?’ என்று வாதாடுவதால் வந்த பெயர். போன வாரம் ஐம்பத்தெட்டு. இவளில் ஆரம்பித்தால் கை ராசியாக இருக்கும் என்று நினைத்தாள். போனைப் புத்தக அடுக்கில் சாய்த்து வைத்து வீடியோவை ஓடவிட்டாள். புதுத் தாள், போன வாரத்துக்குச் சமமான பகுதி, பூனை ஒன்று வீட்டுக்குள் மாட்டிக்கொள்ளும் கதை.

குட்டி வக்கீல் கணீரென்று ஆரம்பித்தாள். முதல் வரி போனது. இரண்டாவது வரியில் நின்றாள். நிமிர்ந்து டீச்சரின் முகத்தைப் பார்த்தாள். அங்கே நீலத்துணிதான் இருந்தது. திரும்பித் தாளைப் பார்த்தாள். மறுபடி முகத்தைப் பார்த்தாள்.

மூன்று விநாடி ஆயிற்று. டீச்சர் தவறு என்று குறித்தாள்.

“அடுத்த சொல்லு.”

அடுத்த சொல்லிலும் நிமிர்ந்தாள். அதற்கடுத்ததிலும். பிறகு கையை நீட்டி டீச்சரின் முகத்தைக் காட்டினாள்.

“டீச்சர், அதைக் கழட்டுங்களேன். எனக்கு எழுத்து தெரியல.”

முதலில் அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. இந்தப் பிள்ளைக்குக் கண்ணில் ஏதாவது கோளாறோ என்றுகூட நினைத்தாள். “தாளைப் பாரு கண்ணு, என்னைப் பாக்காத” என்றாள். குழந்தை தாளைப் பார்த்தது. தாளைப் பார்த்தபடியே மௌனமாக இருந்தது.

குட்டி வக்கீல் முப்பத்தொன்று.

அடுத்தவன் இருபத்தொன்பது. அதற்கடுத்தவள் முப்பத்து நாலு. ஒவ்வொரு பிள்ளையும் சொல்லி வைத்த மாதிரி நின்ற இடத்தில் நிமிர்ந்தது, துணியைப் பார்த்தது, விழித்தது. ஒருவன் குனிந்து, மாஸ்குக்குக் கீழே ஏதாவது தெரிகிறதா என்று எட்டிப் பார்த்தான். சாயங்காலம் கூட்டிப் போட்டாள். இருபது பிள்ளைகள், சராசரி முப்பத்திரண்டு.

அடப்பாவமே, பன்னிரண்டு வாரமும் இந்தப் பிள்ளைகள் தாளை வாசிக்கவில்லை. அவளைத்தான் வாசித்திருக்கின்றன.

பன்னிரண்டு வாரம் மட்டும்தானா என்று அப்புறம் தோன்றியது. அதற்கு முன்னால் இருபத்தாறு வருடம்? ‘உங்க வகுப்புல நல்லாத்தான் படிச்சான், மேல போனதும் என்னமோ ஆகிப்போச்சு’ என்று எத்தனை அம்மாக்கள் வாசலில் வந்து நின்றிருக்கிறார்கள்! மூன்றாம் வகுப்பு டீச்சர்களைத்தானே இவள் கரித்துக் கொட்டியிருக்கிறாள்? என் பிள்ளைகளைக் கெடுத்துவிட்டார்கள் என்று ஸ்டாஃப் ரூமில் எத்தனை முறை வாய் கிழியப் பேசியிருக்கிறாள்?

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுக்களைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கணவர் லிஃப்ட் மெக்கானிக். வேலை முடித்து வந்தவர் இவள் கிடக்கிற கோலத்தைப் பார்த்துப் பயந்துபோனார்.

“என்னாச்சு டீச்சரம்மா? ஊரையே மேல ஏத்தி விடுறவன் நான், பொண்டாட்டிய ஒரு மாடி ஏத்த மாட்டேனா? எந்திரி, டீ போடுறேன்.”

எப்போதும் சொல்கிற ஜோக்தான். எப்போதும் அவள் ‘ஆமா, பாதியில நின்னுபோற லிஃப்டு’ என்பாள். இன்றைக்கு முகத்தைப் பொத்திக்கொண்டு ஓவென்று அழுதாள். அழுது முடித்து எல்லாவற்றையும் சொன்னாள்.

அவர் டீயை ஆற்றி அவள் கையில் கொடுத்தார். தரையிலேயே பக்கத்தில் உட்கார்ந்தார்.

“பழைய நம்பரையே போட்டுரு” என்றார். “யாரு வந்து எண்ணப் போறாங்க? ரெண்டு வருசம் நீ பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நின்னுக்கிட்டே சாப்பிட்டு ஓடுவ. இதுக்கு மேல எதுக்கு உன்னை நீயே அடிச்சுக்குற?”

“என்னங்க, அந்தப் பிள்ளைங்களுக்குப் படிக்கத் தெரியாதுங்க.”

“தெரிய வை. ஹெச்.எம். ஆகிட்டு வை. உன்னை யாரு தடுக்கிறா?”

அந்தப் பேச்சு அவளுக்குப் பிடித்திருந்தது. தண்ணீரில் தத்தளிக்கிறவளுக்குக் கயிறு கிடைத்த மாதிரி அதைப் பிடித்துக்கொண்டாள். ஹெச்.எம். ஆனால் வேறு பள்ளிக்குத்தான் போடுவார்கள், இந்தப் பிள்ளைகள் இங்கேதான் இருக்கும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. அதைப் பற்றி அவள் வாயைத் திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பி பிரிவு. இருபது பிள்ளைகளும் வந்து உட்கார்ந்தன. இவளை நிமிர்ந்தே பார்க்கவில்லை. விரலை எழுத்தின்மேல் வைத்துக்கொண்டு, திக்கித் திணறி, எறும்பு ஊர்கிற வேகத்தில், அதுகள் பாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போயின. சராசரி முப்பத்தைந்து. மாஸ்க் போட்டதும் ஒன்றுதான், போடாததும் ஒன்றுதான்.

வாட்ச் சார் வாசலில் வந்து எட்டிப் பார்த்தார். “என்ன மேடம், என் ஆளுங்க மானத்தை வாங்கிட்டானுங்களா? உங்க அளவுக்குப் பொறுமை எனக்குக் கிடையாது. போர்டு பக்கம் திரும்பிட்டா அதுங்களாச்சு எழுத்தாச்சு.” சொல்லிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். அந்த மனிதரை வேலைக்கள்ளன் என்று பத்து வருடமாகச் சொல்லி வந்தவளுக்கு முகத்தில் ஈயாடவில்லை.

பன்னிரண்டு மணிக்குக் கைடுக்குப் போன் பண்ணி உள்ளதைச் சொன்னாள்.

“டீச்சர், ஆராய்ச்சின்னு பாத்தா இதுதான் நிஜமான விஷயம். ஆனா நாலாவது, அஞ்சாவது அத்தியாயம் மொத்தமா தலைகீழாகும். ஆறு மாசமாவது ஆகும். இன்னைக்கு நடக்காது.”

“ஆறு மாசம் எனக்குக் கிடையாது சார்.”

“தெரியும்.” தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “நான் மறுபடி வீடியோ கேக்கப் போறதில்ல. நீங்க குடுக்கிற அட்டவணையில கையெழுத்துப் போடுறேன். நாலு மணிக்கு முன்னால வந்துருங்க.”

போனை வைத்ததும் அவள் நேரே கணினி அறைக்குப் போனாள். ஐம்பத்து நாலு, முப்பத்தாறு. பழைய எண்களையே போட்டு, தேதியை மட்டும் மாற்றி அட்டவணையை அச்செடுத்தாள். முன்பே கட்டித் தயாராக இருந்த ஆய்வேட்டில் அந்தத் தாளைச் செருகினாள். துளிக்கூடத் தயங்கவில்லை. அதுதான் அவளுக்கே ஆச்சரியம். மூன்றேகாலுக்குக் கணவர் வண்டியோடு வருவார், அரை மணியில் போய்விடலாம்.

மதியத்தோடு பள்ளி விட்டாயிற்று. பிள்ளைகள் கூச்சலோடு கலைந்து போயின. மேசையை ஒழித்து, அலமாரியைப் பூட்டி, ஆய்வேட்டைப் பையில் வைக்கும்போது மணி மூன்று. வாசலில் யாரோ நிற்கிற மாதிரி இருந்தது. குட்டி வக்கீல். கையில் நேற்றைய தாள். நாலாக மடித்துப் பிரித்து, வியர்வையில் கசங்கிப் போயிருந்தது.

“நீ போகலையா?”

“அம்மா வேலை முடிஞ்சு நாலரைக்குத்தான் வருவாங்க. டீச்சர், எனக்கு மறுபடி டெஸ்ட் வைங்க.”

“டெஸ்ட் முடிஞ்சிருச்சு கண்ணு.”

“நேத்து நீங்க மூஞ்சிய மூடிட்டீங்க. அது தப்பாட்டம். இன்னைக்கு மூடாம வைங்க, நான் ஃபுல் மார்க் வாங்குவேன்.” சொல்லிவிட்டு அவள் பாட்டுக்கு எதிர் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். “ஆரம்பிக்கவா?”

சரி, ஐந்து நிமிடம்தானே என்று நினைத்தாள். கடைசியாக ஒரு முறை அந்தக் கணீர்க் குரலைக் கேட்டுவிட்டுப் போனால் மனசுக்குத் தெம்பாக இருக்கும் என்றும் ஆசை. உட்கார்ந்தாள்.

குட்டி வக்கீல் அடித்துத் தூள் கிளப்பினாள். நேற்று நின்ற சொல்லையெல்லாம் சர்சரென்று தாண்டினாள். ஒவ்வொரு முறையும் கண்கள் மேலே வந்து டீச்சரின் உதட்டைத் தொட்டுவிட்டுக் கீழே போயின. பெரிய டீச்சர் முதன்முறையாக அதை நேருக்கு நேர் பார்த்தாள். தன் உதடு அசைவதையும் முதன்முறையாக உணர்ந்தாள். ‘பூனை கதவருகே ஓடியது. கதவில்’ என்றவள் நிமிர்ந்தாள்.

டீச்சர் உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“டீச்சர்!”

டீச்சர் கண்ணால் தாளைக் காட்டினாள்.

“மறுபடியும் மூடுறீங்க! இது போங்கு.” உதடு பிதுங்கியது. “எனக்கு வராது. நான் முட்டாளாயிட்டேன். நேத்துல இருந்து எனக்குப் படிப்பு மறந்துபோச்சு. லீவு முடிஞ்சு மூணாங்கிளாஸ் புது டீச்சர் என்னைத் திட்டுவாங்க.”

‘மறக்கலடி என் தங்கமே, நான் உனக்குச் சொல்லியே கொடுக்கல’ என்று கத்த வேண்டும் போலிருந்தது அவளுக்கு. கையை எடுத்தால் வாய் அந்தச் சொல்லைச் சொல்லிவிடும். அதனால் எடுக்கவில்லை. மற்றக் கையால் தாளில் முதல் எழுத்தின் கீழே விரலை வைத்தாள்.

மூன்று விநாடி ஆயிற்று. பத்து ஆயிற்று. ஒரு நிமிடம். இருபத்தாறு வருடத்தில் ஒரு பிள்ளைக்காகவும் அவள் இத்தனை நேரம் சும்மா இருந்ததில்லை. சும்மா இருப்பது இத்தனை வலிக்கும் என்று எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை. பக்கத்தில் பை இருந்தது, பைக்குள் ஆய்வேடு இருந்தது, சுவரில் முள் நகர்ந்துகொண்டிருந்தது.

“தா…” என்றாள் குழந்தை.

வெளியே வண்டிச் சத்தம். ஒரு ஹாரன். இரண்டு ஹாரன்.

“தா… ழ்…”

கணவர் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி வாசலுக்கு வந்தார். “மணி மூணேகால் தாண்டிருச்சு, கிளம்பு கிளம்பு!” பெரிய டீச்சர் திரும்பாமலே விரலை உயர்த்தி, இரு என்று காட்டினாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பையைப் பார்த்தார். வாயெடுத்தவர் அப்படியே நிலைப்படியில் சாய்ந்து நின்றுவிட்டார்.

“தாழ்… ப்… பா…” குழந்தை நெற்றியைச் சுருக்கியது. தலையைச் சொறிந்தது. ஒரு முறை நிமிர்ந்து பார்த்தது. பிரயோசனமில்லை என்று தெரிந்து தானாகவே குனிந்துகொண்டது. “தாழ்ப்பா… ள். தாழ்ப்பாள். டீச்சர், தாழ்ப்பாள்! எங்க வீட்டுலயும் இருக்கு!”

டீச்சர் தலையை ஆட்டினாள். கன்னத்தில் வழிந்தது விரல் இடுக்குக்குள் புகுந்தது. விரல் அடுத்த சொல்லுக்கு நகர்ந்தது.

அந்தச் சொல்லுக்கு நாலு நிமிடம் ஆயிற்று. அதற்கடுத்ததற்கு இரண்டு. இப்போதே கிளம்பினாலும் ஓட்டிப் பிடித்துவிடலாம் என்கிற நேரமும் வந்தது, அதுவும் போனது. கணவர் ஒரு முறை மெல்ல “டீச்சரம்மா…” என்றார். அவள் கண்ணை இறுக்க மூடித் திறந்தாள், எழுந்திருக்கவில்லை. சுவரில் நாலு அடித்தபோது குட்டி வக்கீல் ஐந்தாவது வரியில் இருந்தாள்.

“நீங்க ஏன் அழுறீங்க டீச்சர்? நான் சரியாத்தானே படிச்சேன்?”

பெரிய டீச்சர் வாயிலிருந்து கையை எடுத்தாள். “சரியாத்தான் படிச்ச” என்றாள். பிறகு கணவரிடம் திரும்பி, “என்னங்க, ஹெச்.எம். மேடம் ரூம்ல இருக்காங்களான்னு பாருங்க. இந்த லீவுல என் பிள்ளைங்க இருபது பேரையும் இங்க வரச் சொல்லணும், நூலக ரூம் சாவி வேணும்னு கேளுங்க” என்றாள். அந்த ‘மேடம்’ வாயிலிருந்து வந்ததை அவள் கவனிக்கவில்லை.

அவர் ஹெல்மெட்டைத் தரையில் வைத்துவிட்டுப் போனார். அவள் மறுபடி வாயைப் பொத்திக்கொண்டு, ஆறாவது வரியின் கீழே விரலை வைத்தாள்.